குவைத்தில் ஒரு கணவன்

ஷுப்ரா, கெய்ரோ
6 மார்ச் 1998

அன்புள்ள நக்வா அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தெருமுனை வண்டிக்காரனிடம் ஒரு பித்தளை மோதிரம் வாங்கி, கல்யாணமானவள் போல இடது கையில் போட்டுக்கொண்டேன். சிரிக்காதே. வீடு கிடைத்துவிட்டது!

கூடத்துத் தொலைபேசியில் பேசினால் அண்ணன் குடும்பமே காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். அதனால்தான் கடிதம். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு என் அறையைக் கேட்கிறார்கள். "கூடத்து சோபா உனக்குத்தான்" என்கிறார் அண்ணன், பெரிய மனதோடு. நாற்பத்து நான்கு வயதில் சோபா!

ஒரு மாதமாக அலைந்தேன். "புருஷன் எங்க?" என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. கடைசியில் தரகர் ஹம்தி தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, கல்யாணம் ஆவலைன்னு சொன்னா கோழிக்கூடு கூட கிடைக்காது. குவைத்துல இருக்காருன்னு சொல்லுங்க. இந்த ஊரு புருஷனுங்க பாதிப் பேரு அங்கதான கெடக்குறாங்க!"

சொன்னேன். வீடு கிடைத்தது, ஜெய்தூன் பகுதியில் ஆறாவது மாடி. மின்தூக்கி கிடையாது, தண்ணீர் காலையில் மட்டும். ஆனால் வாடகை என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். சமையலறைக்குப் பின்னால் ஒரே ஒரு நாற்காலி போடும் அளவுக்குப் பால்கனி, அதில் வடக்குக் காற்று! பாலைவனப் புழுதி எழும் நாளில்கூட அங்கே மூச்சு விடலாம், அக்கா.

ஒரே ஒரு சிக்கல். வீட்டுக்கார ஹாஜியம்மா இனாயத், "குவைத்துல எந்தப் பக்கம்?" என்றார். வாயில் வந்த சால்மியாவைச் சொல்லித் தொலைத்தேன். "அடி என் கண்ணே, எம் மவனும் சால்மியாதான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். மறுநாளே ஒரு மூட்டை காய்ந்த முலூக்கியாக் கீரை வந்துவிட்டது, என் கணவர் அவர் மகனிடம் சேர்ப்பிக்க. வேதியியல் ஆசிரியைக்குப் பொய்யின் விளைவு தெரியாமல் போனது பார்.

அது போகட்டும். இருபதாம் தேதி கணவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். என்ன செய்யட்டும்?

உன் தங்கை,
சவ்சன்


தன்தா
12 மார்ச் 1998

என் செல்லம் சவ்சனுக்கு,

இத்தனை வருடம் எத்தனை மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழித்தாய்! இப்போது ஒருவனைப் பிடித்தாய், அவனும் குவைத்தில். அம்மா இருந்திருந்தால் விருந்தே வைத்திருப்பாள்.

கேட்டால் கோபப்படுவாய், இருந்தாலும் கேட்கிறேன். இங்கே என்னோடு வந்து இரேன். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அறை சும்மாதான் கிடக்கிறது. தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

வரமாட்டாய், தெரியும். அதனால் உன் அத்தானையே அனுப்புகிறேன். விஷயத்தைச் சொன்னதும் ஜக்கரியா மீசையை முறுக்கினார். "மச்சினிச்சிக்காக ஒரு நாள் புருஷனா இருந்துட்டு வரேன், அதுக்கென்ன! ஆறு மாடி ஏறணுமேன்னுதான் யோசிக்கிறேன்" என்கிறார். அடையாள அட்டை அவரிடம் இருக்கிறது, கணவர் பெயரை நீ இன்னும் யாரிடமும் சொல்லவில்லைதானே. ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தால் என்ன? குடியிருக்கப்போவது நீதானே. கீரை மூட்டையை அவரிடமே கொடுத்துவிடு. எதிர்வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசியில் குவைத் போகிறார்.

ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிடு. அவர் இல்லாவிட்டால் பூனை சாப்பிடாது.

உன் அக்கா,
நக்வா


ஷுப்ரா, கெய்ரோ
20 மார்ச் 1998, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் நேற்றே வந்துவிட்டார், வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியும்விட்டார். இப்போது கூடத்தில் அண்ணனோடு தேநீர் குடித்துக்கொண்டு, "குவைத்துல இப்ப வெயிலு தாங்கல" என்று ஒத்திகை பார்க்கிறார். மார்ச்சில்! நன்றாகத்தான் நடிப்பார்.

நேற்று மாலை ஹம்தி ஒப்பந்தத்தைக் காட்டினார். குடியிருப்பவர் ஜக்கரியா. என் பெயரைத் தேடினேன். "மற்றும் அவர் மனைவி" என்று இருந்தது. அத்தான் தங்கமானவர். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது, மறுபடி வேறொருவர் வீட்டில் ஒண்டப் போகிறவளாகவே தோன்றியது.

அதற்குப் பிறகு பெருக்கிவிட்டு வரலாம் என்று சாவி வாங்கிக்கொண்டு போனேன். ஹாஜியம்மா மூச்சிரைக்க மேலே வந்து, பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "எம் வீட்டுக்காரரு போனதும் இந்தக் கட்டடத்தை எம் பேருக்கு மாத்த, கொழுந்தனுங்களோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டுனேன்டி. 'பொம்பளைக்கு எதுக்கு கட்டடம்'னானுங்க. இப்ப வாடகை பாக்கி வச்சுக்கிட்டு என்னைக் கண்டா ஓடுறானுங்க!" சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் காலி அறை அதிர்ந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு நானும் சிரித்தேன்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. கவலையால் அல்ல, பள்ளிச் சுற்றுலாவுக்கு முந்தின இரவு போல.

கையெழுத்து நண்பகல் தொழுகைக்குப் பிறகு. அத்தான் தேநீர் முடிந்ததும் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்புவார், வர நேரமாகும். அதற்குள் நான் தனியாக ஜெய்தூன் போகிறேன். கணவன் இல்லை, இருந்ததும் இல்லை என்று ஹாஜியம்மாவிடம் சொல்லப் போகிறேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். பிறகு, "சவ்சன்னு எழுதுங்க, நானே கையெழுத்துப் போடறேன்" என்பேன். துரத்திவிட்டால் நாளை வேறு வீடு தேடுவேன், மோதிரம் இல்லாமல்.

கூடத்தில் இருக்கும் யாருக்கும் இது தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அத்தான் என்னைக் கூப்பிடுகிறார், எந்த டை நன்றாக இருக்கிறது என்று கேட்க.

சவ்சன்