கிலுகிலுப்பையும் என் கண்ணும்

3.3.1986
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு வயது வேலுவாகிய எனக்கு, தங்கை மகள் புஷ்பாவோடு இரண்டு நாளாகக் கோபம். அவளுக்கு வயது இரண்டரை. முதுகுக்குப் பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டும் மகாராணி திரும்பவில்லை. நான் கோபமாக இருப்பதையும் கவனிக்கவில்லை.

5.3
சமாதானம். முகத்தைக் கோணலாக்கிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

9.3
பிள்ளைக்கு இன்னும் ஒரு சொல் வரவில்லை. தங்கை மீனாட்சி அழுதாள்.
"காது கேக்கலையோ அண்ணே?"
"கிளினிக்ல காது டெஸ்ட் பாஸ் பண்ணின பிள்ளை லா! நம்ம குடும்பத்துல பாஸானது அவ ஒருத்திதான்."
தங்கை சிரிக்கவில்லை.

14.3
பக்கத்து வீட்டு யூசுப் தகரக் கதவை டமாரென்று சாத்தினார். நான் துள்ளினேன். பூனை ஓடியது. புஷ்பா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. எட்டு மாதத்தில் அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது நான். நர்ஸ் மிஸ்ஸி மடியில் பிள்ளை, எதிரில் நான். இன்னொரு மிஸ்ஸி பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவார். பிள்ளை திரும்பினால் காது நல்லது. அவர் வலப்பக்கம் ஆட்டியபோது நானும் அங்கே பார்த்தேன். இடப்பக்கம் ஆட்டியபோது இடப்பக்கம். என் கண் போன பக்கமெல்லாம் பிள்ளையும் திரும்பினாள். அப்படியென்றால் பாஸானது யார்? நானா?

அட மடையா... ரெண்டு வருஷம் போச்சே.

15.3
மீனாட்சியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன்.
"மறுபடி போவோம்ணே. நீ வெளியில உக்காரு."

18.3
வெளியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு சத்தத்துக்கும் திரும்பவில்லையாம். ஆனால் கொஞ்சம் கேட்கிறது, கருவி மாட்டினால் பேச்சு வரலாம் என்று மிஸ்ஸி நோர்மா சொன்னார்.

19.3
இன்று யாரையும் கிண்டல் செய்யவில்லை.

6.6
கருவி வந்தது. நெஞ்சில் ஒரு குட்டிப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். மாட்டினால் பிடுங்கி எறிகிறாள். நானும் ஒரு தீப்பெட்டியை நூலில் கட்டி மாட்டிக்கொண்டேன். உற்றுப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை எடுத்து நீட்டினாள், மாட்டிவிடச் சொல்லி.

27.6
பட்டர்வொர்த் போய், பெர்ரிக் கப்பலில் தீவுக்குத் திரும்பி, வீட்டுக்கு, டத்தோ கிராமாட்டுக்குப் பஸ் ஏறினோம். யாரோ இறங்குவதற்கு மணி அடித்தார்கள். புஷ்பா சட்டென்று நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். மீனாட்சி என் கையைக் கிள்ளினாள், தடம் இன்னும் இருக்கிறது.

பிள்ளையைத் தூக்கி மணியை எட்டவைத்தேன். அமுக்கினாள். கேட்டாள். மறுபடி அமுக்கினாள். டிரைவர் நான்கு தடவை நிறுத்தினார், ஒருவரும் இறங்கவில்லை. ஐந்தாவது தடவை எங்கள் மூவரையும் இறக்கிவிட்டார். வீட்டுக்கு இன்னும் ஒரு மைல். மழை பெய்தது. கருவியை என் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நடந்தோம்.