கீழத்தெருவுக்குப் போட்ட ஊசி

மருதங்கால்,
பரிதாபி வருஷம் வைகாசி 28.

பிரியமுள்ள பாக்கியசீலனுக்குத் தளவாய் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நீலாம்பாளும் பிள்ளைகளும் சுகம். நீயும் ஹெப்சிபாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நாலு மாதமாக நானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்? பள்ளிக்கூடத்தில் தினமும் என் கட்டுச்சோற்றில் பாதியைத் தின்ற கை, மாட்டு டாக்டர் ஆனதும் நாலு வரி எழுத வலிக்கிறது போலிருக்கிறது.

சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. மாடுகளுக்கு வெக்கை நோய் வந்துவிட்டது. அக்கரையில் இரண்டு ஊர்களில் தொழுவங்கள் காலி. நம் ஊரிலும் மூன்று மாடுகள் கண்ணில் நீர் வடிந்து, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்தே விழுந்துவிட்டன. இன்னும் நாலைந்து படுத்துக் கிடக்கின்றன. கார் சாகுபடிக்கு உழ வேண்டிய நேரம் இது. மாடு போனால் இந்த வருஷம் சோறும் போயிற்று.

உன் ஊசியைப் பற்றி ஊரில் எடுத்துச் சொன்னேன். நாட்டாமை பிச்சைக்கண்ணு லேசில் மசியவில்லை. "சர்க்கார் ஊசிய நம்பி அம்மனப் பகைச்சுக்கிட முடியுமாவே?" என்றார். மூன்று நாள் அவர் வாசலிலேயே கிடந்து சம்மதம் வாங்கினேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். முத்துமாலையம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வீடு விடாமல் சொல்லிச் சாட்டுகிற மாதிரி, ஊசியும் ஊர் மாடு அத்தனைக்கும் ஒரே நாளில் போட்டாக வேண்டும். ஒரு தொழுவம் விட்டுப் போனாலும் அம்மன் அங்கே இறங்கிவிடுவாளாம். "எல்லாத்துக்கும் போடுதானா, வரச் சொல்லும். இல்லேன்னா ஒண்ணுக்கும் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

வீடு வீடாகப் போய் எண்ணினேன். நூற்று முப்பது உருப்படி. சீக்கிரம் வா. உன்னை நம்பித்தான் ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தளவாய்

*

பாளையங்கோட்டை,
13 ஜூன் 1912.

என் அன்பான தளவாய்க்கு,

தேவ கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். எழுதாதது தப்புதான். கட்டுச்சோற்றை எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக்காட்டப் போகிறாய்?

வருகிற இருபதாம் தேதி வியாழக்கிழமை காலையில் வருகிறேன். மருந்து வடக்கே மலைமேல் தயாராகி ரயிலில் வருகிறது. நினைத்த நேரத்தில் கிடைக்காது. நீ சொன்ன நூற்று முப்பதுக்குத்தான் எழுதியிருக்கிறேன். சர்க்கார் ஆள் எண்ண வந்தால் வரி வரும் என்று நம் ஜனங்கள் பின்வாசல் வழியாக மாட்டை ஓட்டிவிடுவார்கள். அதனால் இன்னொரு தடவை எண்ணிப் பார்.

ஒரு காரியத்தை ஊரில் எல்லாருக்கும் புரியச் சொல். ஊசி போட்ட மாட்டை அன்றைக்கே நோய் கண்ட மாட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மருந்தின் பலம் பத்து நாள் இருக்கும். அதற்குள் நோய் லேசாக வந்து போனால், பிறகு அந்த மாட்டை வெக்கை தொடாது. ஆனால் ஊசி போடாத மாட்டை அப்படிக் கட்டினால் அது சாகும். இதில் தவறு வரக்கூடாது.

நீலாம்பாளுக்கு என் வந்தனம். மீன் குழம்பு வைக்கச் சொல்.

உன்
பாக்கியசீலன்

*

மருதங்கால்,
ஆனி 25.

பாக்கியசீலனுக்குத் தளவாய் எழுதிக்கொள்வது.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ வந்து போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. மேலத்தெருவிலும் நடுத்தெருவிலும் நீ சொன்னபடியே நடந்தது. மாடுகள் இரண்டு நாள் வாடின, பிறகு எழுந்து வைக்கோலைக் கடித்தன. என் மாடுகளும் சௌக்கியம். நாட்டாமை உன்னை வாயாரப் புகழ்கிறார்.

கீழத்தெருவில்தான் இப்படி ஆகிவிட்டது. அங்கே கூலி வேலை செய்கிறவர்களின் மாடுகள் இருபத்திரண்டு. அவற்றில் பதினேழு செத்துப்போயின. அந்த ஜனங்கள் உன் சொல்லை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். நோய் மாட்டின் பக்கத்தில் கட்டினார்கள், ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டினார்கள். முதலில் விழுந்தது இசக்கித்தாயின் காளைகள். உனக்கு ஞாபகம் இருக்கலாம். புருஷன் இல்லாதவள், அவள் தம்பி முப்பிடாதி அந்த ஜோடியை வைத்துத்தான் ஊருக்கெல்லாம் உழுதுகொண்டிருந்தான். இரண்டும் ஒரே நாளில் போயின.

"உங்க சிநேகிதரு ஊசி எங்க தெருவுக்கு மட்டும் வேலை செய்யாதோ?" என்று முப்பிடாதி என்னை வழிமறித்துக் கேட்கிறான். அந்தத் தெரு வழியாக வயலுக்குப் போக முடியவில்லை. என்ன காரணம் என்று எழுது. நான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

தளவாய்

*

பாளையங்கோட்டை,
11 ஜூலை 1912.

அன்புள்ள தளவாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் வருந்துகிறேன்.

வைத்திய சாஸ்திரப்படி இதற்குக் காரணம் உண்டு. ஊசி போடுவதற்கு முன்பே நோய் உள்ளே புகுந்துவிட்ட மாட்டுக்கு மருந்து பிடிக்காது. வெளியே பார்த்தால் தெரியாது. கீழத்தெருவில் யாரோ ஒருவர் நோய் தொற்றிய மாட்டைச் சொல்லாமல் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கக்கூடும். அதிலிருந்து மற்றவற்றுக்கும் ஊசிக்கு முன்பே பரவியிருக்கலாம்.

மிச்சமிருக்கும் ஐந்து மாடுகளையும் உடனே தனித்தனியாகக் கட்டச் சொல். நோய் மாட்டின் பக்கத்தில் விடவே வேண்டாம்.

எனக்கு இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வேலை. உடனே வர இயலாது.

பாக்கியசீலன்

*

மருதங்கால்,
ஆடி 8.

பாக்கியசீலனுக்கு,

நீ எழுதிய காரணத்தை ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். எல்லாருக்கும் மனசு ஆறிற்று. ஊசியில் குற்றமில்லை, ஆளில்தான் குற்றம் என்றார்கள். அப்புறம் அந்த ஆள் யார் என்று பேச்சு வந்தது.

முதலில் விழுந்தது இசக்கித்தாயின் மாடு. அவள்தான் மறைத்தாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவள் வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது. ஆடிக் கடைசிச் செவ்வாய் கொடைக்கு அவள் வீட்டு முளைப்பாரியை ஏற்கக்கூடாது. அவளுடைய தெருக்காரர்களே முன்னால் நின்று அப்படிக் கேட்டார்கள். பதினேழு மாட்டைப் பறிகொடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? மறுநாளே முப்பிடாதி உழவு வேலை தேடி ஸ்ரீவைகுண்டம் போய்விட்டான்.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் ஏறவில்லை. வெளியே நின்றபடியே சொன்னாள்: "எம் மாட்டுக்கு நோவு இருந்தா நான் வரிசையில நிப்பேனாய்யா? எந் தெருவ நானே அழிப்பேனா? டாக்டரய்யாவுக்கு ஒரு காயிதம் போடுங்க. எங் காள ரெண்டையும் அவரு கையால தொட்டுப் பாத்தாரு. வாயப் பிரிச்சுப் பாத்து, நல்ல மாடு தாயின்னு சொன்னாரு. அவரு சொன்னா ஊரு கேக்கும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். உன் பதிலுக்காக அவள் தினமும் தபால்காரன் வருகிற நேரத்துக்கு ஆலமரத்தடிக்கு வந்து நிற்கிறாள்.

தளவாய்

*

பாளையங்கோட்டை,
27 ஜூலை 1912.

தளவாய்,

அன்பான என்று எழுதி அடித்துவிட்டேன். இதைப் படித்த பிறகு அந்த வார்த்தை என்னிடமிருந்து உனக்கு வேண்டியிராது.

இசக்கித்தாயின் காளைகளுக்கு நோய் இல்லை. அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் மாட்டையும் அந்தத் தெருவின் மாடுகளையும் கொன்றது நான்.

அன்றைக்கு நூற்று முப்பதுக்கு மருந்து கொண்டுவந்தேன். வரிசையில் நின்றது நூற்று ஐம்பத்திரண்டு. ஒளித்து வைத்திருந்த மாட்டையெல்லாம் கடைசி நேரத்தில் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மேலத்தெரு முதலில், அப்புறம் நடுத்தெரு, கீழத்தெரு கடைசியில் என்று உங்கள் வழக்கப்படி வந்தது. நடுத்தெரு முடியும்போது சீசா காலியாகிவிட்டது. கோயிலுக்கு முன்னால் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நாட்டாமை தன் கையால் இளநீர் வெட்டிக் கொடுத்தார். என் அப்பாவுக்கு அந்தக் கோயில் மண்டபத்து நிழலில் நிற்கக்கூட உரிமை இருந்ததில்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்து, மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒன்று விட்டாலும் ஊர் ஒத்துக்கொள்ளாது, உன்னைப் பிய்த்துவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஊசி கழுவ வைத்திருந்த பானையில் காய்ச்சி ஆறிய தண்ணீர் இருந்தது. அதை எடுத்து இருபத்திரண்டு மாடுகளுக்கும் போட்டேன்.

ஒரு வாரத்தில் மருந்து வரவழைத்து, ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மருந்து வரவில்லை. போகும்போது அந்தத் தெருக்காரர்களைத் தனியே கூப்பிட்டு, உங்கள் மாட்டை மட்டும் நோய் மாட்டோடு கட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்பார்களே என்று அதையும் சொல்லவில்லை. அப்புறம் உனக்கு ஒரு பொய் எழுதினேன். அந்தப் பொய் போய் அவள் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. யார் தலையில் விழும் என்று யோசிக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

அவள் எனக்காக மரத்தடியில் நிற்கிறாள் என்று படித்தேன். அன்றிரவே ஹெப்சிபாளிடம் எல்லாம் சொன்னேன். அவள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தாள்.

இந்தக் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் முழுவதும் படி. தளவாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது, அவனை யாரும் குறை சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துப் படி. மேலதிகாரிக்கும் இன்றே எழுதிவிட்டேன். வேலை போகும். போகட்டும்.

பாக்கியசீலன்

*

மருதங்கால்,
ஆடி 20.

பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். படித்து முடித்ததும் உன்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். அதை நான் எழுத மாட்டேன். இசக்கித்தாய் மேல் குற்றமில்லை என்று நாட்டாமை எல்லார் முன்பாகவும் சொன்னார். கொடைக்கு அவள் வீட்டு முளைப்பாரிதான் முதலில் போக வேண்டும் என்று முடிவாயிற்று. முப்பிடாதியைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. மிச்சமிருந்த ஐந்து மாடுகளும் பிழைத்துவிட்டன.

எனக்கும் ஒரு மரியாதை கிடைத்தது. "தளவாய் பாவம், கூடப் படிச்சவன நம்பி மோசம் போயிட்டான்" என்று என் தோளில் தட்டினார்கள்.

பாக்கியம், நான் பார்த்தேன்.

உனக்கு ஊசி எடுத்துக் கொடுத்துக்கொண்டு அந்தப் பானையின் பக்கத்தில் நின்றது நான்தானே? சீசா காலியானதையும் பார்த்தேன், நீ பானையில் மொண்டதையும் பார்த்தேன். உன் முகம் வேர்த்திருந்தது. என் மாடுகள் ஆறுக்கும் அதற்கு முன்பே நல்ல மருந்து ஏறியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். நீ என்னை மறுபடி எண்ணச் சொன்னாயே, எண்ணவில்லை. உனக்கு அனுப்பிய கணக்கில் என் வீட்டு மாடே இரண்டு குறைவு.

காரணம் கேட்டு உனக்கு எழுதினேனே, அதுவும் நடிப்பு. நீ எதையாவது சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம் என்றுதான் கேட்டேன். யார் மாடு என்று கூட்டத்தில் கேட்டபோது, முதலில் விழுந்தது இசக்கித்தாயின் மாடு என்று எடுத்துக் கொடுத்ததும் நான். ஊர் முடிவு கட்டியது என்று உனக்கு எழுதினேன். என் வாயால் வந்ததை ஊர் வாயில் போட்டு எழுதினேன்.

தளவாய்க்கு ஒன்றும் தெரியாது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? கூட்டத்தில் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை உரக்கப் படித்தேன்.

கூட்டம் கலைந்து எல்லாரும் போன பிறகு இசக்கித்தாய் மட்டும் போகவில்லை. நன்றி சொல்ல நிற்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி பைய சொன்னாள்: "அன்னைக்குப் பானைப் பக்கத்துல நீங்களும்தான நின்னிய. டாக்டரய்யா சொல்லிட்டாரு. நீங்க என்னைக்குச் சொல்லப் போறிய?"

நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். இது நடந்து மூன்று நாள் ஆகிறது. அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. எதிரே வந்தால் என் முகத்தைப் பார்க்கிறாள், போய்விடுகிறாள். அவள் சொல்லிவிட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். நான் சொல்ல வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறாள்.

நீலாம்பாளுக்கும் தெரியாது. முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன். எழுத வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. கொடைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

சொல்லிவிட்டேன் என்றால் மறுநாளே உனக்கு எழுதுகிறேன். என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால், வரவில்லை என்பதையே பதிலாக எடுத்துக்கொள். அதற்குப் பிறகு என்னைச் சிநேகிதன் என்று யாரிடமும் சொல்லாதே.

தளவாய்