கவுச்சி வலை

எண்ணூர்,
கார்த்திகை 5, புதன்கிழமை

அன்புள்ள பேத்தி சிவந்திக்கு, ஆயா கன்னியம்மாள் எழுதுவது. நான் நலம். இடது முட்டி மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க எல்லையம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆனி பதினேழாம் தேதி சொன்னவள் நான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, கோணலாகத்தான் எழுதும். நிதானமாகப் படி.

பின்வீட்டுப் பூவம்மா உன்னோடு போனில் பேசுவது வேலி தாண்டி எனக்குக் கேட்கும். உன் புருஷனுக்கு அக்காள், உன்னிடம் பேச அவளுக்கு உரிமை உண்டு. பிரசவத்தை அங்கேயே குஜராத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளப் போகிறாயாம். "அவரைப் படியேத்தாத வூட்டுக்கு நான் மட்டும் எப்படி வருவேன்" என்றாயாம். இதையும் பூவம்மா சத்தமாகத்தான் சொன்னாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே.

அது நிற்கட்டும். இங்கே நரித் தொல்லை. அதைச் சொல்கிறேன்.

ஆவணியில் மாத்தூர் போய்ப் பதினொரு நாட்டுக்கோழி வாங்கி வந்தேன், எல்லாம் அரைவளர்த்தி. மாசியில் முட்டைக்கு வரும். எதற்கு என்று கேட்டவர்களிடம் முட்டை விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி பிறந்த இரண்டாம் வாரம் விடியற்காலையில் ஒன்றைக் காணோம். கவிழ்த்த கூடை மேல் வைத்த கல் தள்ளிக் கிடந்தது. அன்றைக்கென்று பூவம்மா வீட்டில் பூண்டு வதங்கும் வாசனை. நான் வேலியோரம் நின்று கேட்கவேண்டியதைக் கேட்டேன். அவள், "நான் கருவாட்டுக் கொழம்பு வச்சிகினு கீறேன் ஆயா. வந்து சட்டியப் பாத்துட்டுக் கத்து" என்றாள். போய்ப் பார்த்தேன். கருவாடுதான். திரும்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து இன்னொன்று போனது. அன்று தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கப் போனபோது நானே கண்ணால் பார்த்தேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேட்டுக்கு இந்தப் பக்கம், வேலிகாத்தான் முள் ஓரத்தில் நின்றது. நாய் மாதிரிதான், ஆனால் வால் தொங்கியிருந்தது, முகம் கூர். என்னைப் பார்த்தும் அது அவசரப்படவில்லை. அங்கே பாதி முள்காட்டை வெட்டி மதில் எழுப்பிவிட்டார்கள், நரிக்கும் வேறு போக்கிடம் இல்லை. அதற்காக என் கோழியைத் தின்னலாமா?

பூவம்மா புருஷன் மனோகரனிடம் ஒரு பழைய வலை கேட்டேன். அவன் நம் குப்பத்துப் பிள்ளை, அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தின நாள்வரை கடலில் கிடந்த வலையைக் கொண்டுவந்து, கழி நட்டுக் கூண்டாக்கி, நாலு மடிப்பாக மடித்து அதைச் சுற்றிக் கட்டினான். தெருவே வந்து பார்த்து, இனி நரி மூக்கைக்கூட நுழைக்க முடியாது என்றது. நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாலு நாளில் இரண்டு போயின. முன்னே ஒரு நரி வந்தது, இப்போது ஜோடியாக வந்திருக்கிறது. மண்ணில் தடம் பெரிதும் சிறிதுமாகக் கிடந்தது. வலையைக் கடித்துக் குதறி, அடியில் பள்ளம் பறித்து வைத்திருந்தன. வீட்டைச் சுற்றி வேறெங்கும் வாய் வைக்கவில்லை, வலையைத்தான் தேடி வந்திருக்கின்றன.

பூவம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னாள்: "இன்னா ஆயா, இந்த வலை இப்டிக் கவுச்சி அடிக்குது. நரிக்கு வெத்தலை பாக்கு வச்சிக் கூப்டுகினு கீறியா?"

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மனோகரனுக்குத் தெரியவில்லை, தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே இருக்கிற மூக்கு எங்களுடையது. ஆனால் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், வியாசர்பாடியிலிருந்து புதுப்பெண்ணாக வந்த மூன்றாம் நாள், குழாயடியில் நான் மீன்கூடையை இறக்கியதும் ஊதா நிறப் புடவையின் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டவள் அவள். கத்தரிப்பூ நிறமில்லை, ஊதா. அவள் தம்பி தீனாவுக்கே நீ மாலை போட்டபோது, எங்களை நாறுகிறது என்ற வீட்டுக்கா என் பெண் என்றுதான் நான் கதவைச் சாத்தினேன். வேறு எதற்கென்றோ நீ நினைத்திருப்பாய். வேறும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

உன் மூக்கை உன் வீட்டோடு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் வலையைக் காணோம். திருடிவிட்டார்கள் என்று தெருமுனைவரை கேட்கும்படி கத்தினேன். பிறகு பார்த்தால் வலை பூவம்மா வீட்டுக் கொடியில் தொங்குகிறது. சோப்புத்தூள் போட்டு அண்டாவில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசியிருக்கிறாள். லாரித் தண்ணீர், தெரியுமா, அவள் வீட்டுப் பங்கு. நைலான் கயிறு அறுத்து அவள் விரலெல்லாம் கீறல். வலை பிடித்துப் பழகாத கை.

உன்னை யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். அவள் விரலை ஊதிக்கொண்டே, "நீ யாருக்கு வளக்கறேன்னு எனக்குத் தெரியாதா ஆயா. முட்டை விக்கிற மூஞ்சியா இது? அது எங்க வூட்டுக் கொயந்தையும்தான்" என்றாள்.

நான் வீட்டுக்குள் போனேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை, அதையும் நான் கேட்கவில்லை.

பிறகு கொத்தனார் ஜேக்கப்பை வரச்சொல்லி, கூண்டைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குச் செங்கல் புதைத்து, மேலே அந்தக் கழுவின வலையையே இழுத்துக் கட்டியாகிவிட்டது. மீன் கழுவும் இடத்தையும் வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். பதினொரு விடியல் ஆயிற்று. தடம் செங்கல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. ஏழு கோழி பத்திரமாக இருக்கிறது, ஒன்று கறுப்பு.

பிள்ளை பெற்றவளுக்கு முதல் வாரம் பூண்டும் மிளகும் போட்ட கோழிச்சாறு, பிறகு நல்லெண்ணெயில் முட்டை, பால் ஊறப் பால்சுறாப் புட்டு. சுறாவுக்கு மனோகரனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். குஜராத்தில் இதெல்லாம் யார் செய்வார்கள்? உன் அம்மா இருந்தால் அவள் செய்திருப்பாள். அவள் இல்லாத வீட்டில் தாய்வீடு என்றால் அது நான்தான்.

இது ஏழாம் மாதம். கார்த்திகை போனால் எட்டு, எட்டில் பயணம் கூடாது. உனக்கு இருப்பது இன்னும் இருபத்தைந்து நாள்.

தீனா என் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் கோழியைப் பார்த்துக்கொள்ளப் பூவம்மா வந்துபோக, பின்பக்க வேலியில் ஒரு கதவு வைத்திருக்கிறேன். அங்கே படி இல்லை, வெறும் மண்தரைதான். கோழிக்கு எதற்கு ஆயா ஆள் உயரக் கதவு என்று ஜேக்கப் சிரித்தான். அன்று உன்னோடு வந்து என் வாசலில் நின்றபோது தீனாவின் தலை நிலைக்கு நாலு விரல் கீழே இருந்தது. அது எனக்கு மறக்கவில்லை. ஜேக்கப்பிடம் அந்த அளவைத்தான் சொன்னேன்.

ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு. ஜன்னலோரம் வெயில் படாமல் உட்கார். உன் தலைமுடி ஒன்றும் உதிராமல், போனது போலவே வந்து சேர அம்மன் துணை நிற்பாள்.

உன் ஆயா,
கன்னியம்மாள்

பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. கொக்கி மட்டும்தான். நரிக்குத்தான் அதைத் திறக்கத் தெரியாது.