கூரை மட்டும் பாக்கி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நானும் நலம் என்று சேர்த்து எழுதத்தான் எப்போதும் கை போகும், இன்றைக்குப் போகவில்லை, காரணம் கீழே எழுதுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், நிஜமாகவே புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்காதே. போனை அப்பா சத்தமாகப் போட்டுத் தன் கையில்தான் வைத்துக்கொள்கிறார், அவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது, அவர் தூங்கும் மத்தியானத்தில் உனக்கு அங்கே நடுராத்திரி, இது அவர் காதில் விழக்கூடாது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா வேலைக்குப் போகும்போது தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றாள். பேத்தி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்த படத்தை அவளுக்கும் காட்டினேன், பால்காரருக்கும் காட்டினேன், தெருவில் பார்க்காத ஆள் இனி யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மா கோபப்படாதே, உனக்கு மறதி வருகிறது என்று அப்பா கவலைப்படுகிறார், ஒரு டாக்டரிடம் காட்டு, கேஸ் அடுப்பை மூடுகிற பொறுப்பை இனிமேல் அப்பாவிடம் விட்டுவிடு என்றாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனால் உன் முதல் பல் விழுந்தது என்ன கிழமை, உன் பள்ளிக்கூடத்துச் செருப்பு எந்த நம்பர், இந்த வீட்டுக்கு நாம் குடிவந்த அன்று மழை எத்தனை மணிக்கு விட்டது, எல்லாம் தலைகீழாகச் சொல்லுவேன். என்னைப் போய் இப்படிச் சொல்லிவிட்டானே என்று நெஞ்சு கொதித்தது. ஆனாலும் சரி கண்ணு என்று மட்டும் சொன்னேன், ஏனென்றால் அப்பா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணு, மறதி எனக்கு இல்லை. அப்பாவுக்கு.

தோட்டத்தில் வைக்க நீ அனுப்பிய மரப்பலகை விளையாட்டு வீடு ஆறு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிய அன்றைக்கு நீ அவரைப் பார்த்திருக்க வேண்டும். பேத்தி லீவுக்கு வந்தால் அதில் விளையாடுவாள், மற்ற நாளில் நான் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், ரெண்டே நாள் வேலை என்று தன் பழைய கருவிப்பெட்டியைத் துடைத்து எடுத்து வந்தார். முப்பத்தாறு வருஷம் லிப்ட் மாட்டியவர் அல்லவா. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, அதில் எழுத்தே கிடையாது, உருண்டைத் தலை மனுஷன் ஒருத்தன் எதை எங்கே மாட்டுவது என்று படம் படமாகச் செய்து காட்டுகிறான், என்னைப் போன்றவளுக்கே விளங்குகிறது. இந்தப் பொம்மையைப் பார்த்து வேலை செய்யவா நான் மெக்கானிக் ஆனேன் என்று அதைத் தூக்கி என் மடியில் போட்டார். அன்று தரைப்பலகையை மாட்டினார். சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் ஏழு ஸ்க்ரூ. ஒரு ஸ்க்ரூ மிஞ்சினால் ஒரு உயிர் மிஞ்சாது என்று தன் கீழே வேலை பார்த்த பையன்களைத் திட்டித் தீர்த்த மனுஷன் அவர். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு பக்கச் சுவரை நிறுத்தினார், ஜன்னல் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. பூனை எட்டிப்பார்க்கவா என்று கிண்டல் பண்ண வாய் எடுத்தேன், அவர் நாலடி தள்ளி நின்று இடுப்பில் கை வைத்து, நன்றாக வந்திருக்கிறது இல்லையா மேனேஜர் என்று என்னைக் கேட்டார். என்னை மேனேஜர் என்று கூப்பிடுவதை மட்டும் அவர் மறக்கவில்லை. ஆமாம் என்றேன். 

அன்றிலிருந்து தினமும் அவர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்ததும் நான் தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். அவர் காலையில் மாட்டியதைக் கழற்றி, படத்தில் இருக்கிறபடி திரும்ப மாட்டுவேன். ஸ்க்ரூக்களை நம்பர் பார்த்துத் தனித்தனி டம்ளரில் போட்டு வைத்தேன், பெட்டியோடு வந்த வளைந்த ஸ்க்ரூச் சாவியைத் திருகித் திருகி உள்ளங்கை கொப்பளித்தது, பாத்திரம் தேய்த்ததில் வந்தது என்று சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு அவர் எழுந்து வரும்போது டீயோடு நிற்பேன். மூன்று வாரம் இப்படி. நான் சரிசெய்த சுவருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன், நீயும் அப்பா கை கைதான் என்று பதில் போட்டாய், அதை அவருக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். உன்னிடம் மறைத்தது என் தப்பு. யாராவது ஒருத்தர் அவரைப் பழைய ஆளாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு ஆசை.

போன வாரம் வியாழக்கிழமை அவர் சீக்கிரமே விழித்துவிட்டார். நான் ஸ்டூலில் ஏறிக் கதவுக்கு மேல் கட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நிற்கிறார்.  திட்டுவார், இல்லை உடைந்து போவார் என்று பார்த்தால், மெதுவாக என்னைப் பிடித்து இறக்கினார், கையிலிருந்த சாவியை வாங்கினார், படியில் என்னை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்மா. நான் காலையில மாட்டினது சாயங்காலம் வேற மாதிரி இருக்கும். நீதான் மறதியில கழட்டிடறேன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. பயப்படாத, நான் இருக்கேன்ல" என்றார். கண்ணு, அவர் மூன்று வாரமாக எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அவருக்காக மூடிக்கொண்டிருந்த மாதிரியே. அதன் பிறகு தாங்க முடியாமல்தான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உன்னிடம் சொல்லியிருக்கிறார், அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ என்னைத் திட்டியது.

நீ சொன்னபடி புதன்கிழமை டாக்டரிடமும் போனோம். நர்ஸம்மா முன்னாடியே டாக்டர் காதில் போட்டு வைத்திருந்தாள், அதனால் வீட்டுக்காரரும் கூடவே செய்யட்டும் என்று ரெண்டு பேரையும் கடிகாரம் வரையச் சொன்னார். நான் வரைந்தேன், கோணல்மாணல்தான், ஆனால் பன்னிரண்டும் அதனதன் இடத்தில் இருந்தது. அப்பா வட்டத்தை அச்சில் வார்த்த மாதிரி போட்டார், பழைய கை. பிறகு பன்னிரண்டு நம்பரையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, மறுபக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்காமல் என் தாளை எட்டிப்பார்த்தார். டாக்டரிடம், இவளுக்கு ஒண்ணும் ஆகாதே சார், இவ இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நிற்காது, மெதுவாகப் போகப்பண்ண மாத்திரை தருகிறேன், அவ்வளவுதான் என்றார். மாத்திரையை எனக்கு என்று சொல்லி வாங்கி வந்து, துணைக்கு நீங்களும் ஒன்று போடுங்கள் என்றால் போட்டுக்கொள்கிறார். நேற்று பந்தயப் படத்தை மறுபடி காட்டினேன். கெட்டிக்காரப் பொண்ணு, நர்ஸம்மா மகளா என்று கேட்டார்.  சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறதிக்காரி என்று பேர் வாங்கியதில் ஒரு லாபமும் உண்டு. ஸ்கூட்டர் சாவியை நான் எங்கேயோ வைத்துவிட்டேன், அவர் தேடிக்கொண்டிருக்கிறார். கேஸை அவர் திறந்துபோட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே போய் மூடுகிறேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. இப்போது சுவர் நாலும் நிற்கிறது, கதவு திறந்து மூடுகிறது, கூரை மட்டும் பாக்கி. கூரைப் பலகை சுவரில் சாய்ந்து கிடக்கிறது, அவர் ஏணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போகிறது. தாளில் அந்தக் கடைசிப் படத்தில் ஒரு ஆள் தனியாகத் தூக்குவது மாதிரி போட்டு மேலே பெருக்கல் குறி போட்டிருக்கிறது, பக்கத்தில் ரெண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள், ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். அதில் ஒரு ஆள் நான் இல்லை கண்ணு, எனக்கு அவ்வளவு உயரம் தூக்கத் தெம்பு இல்லை. அதனால் கூரைக்கான நாலு பெரிய ஸ்க்ரூவையும் எடுத்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். அவற்றை நான் தொலைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பரவாயில்லை விடு என்று என் தலையைத் தடவினார்.

பெரிய லீவு வரட்டும் என்று காத்திருக்காதே. இந்த மாதமே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா, அவள் பேரை நான் தினம் நாலு தரம் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வருகிறவரை பிடித்து வைத்திருப்பேன். மருமகளிடம் எல்லாம் சொல், குழந்தையிடம் தாத்தாவுக்குக் களைப்பு என்று மட்டும் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எனக்காக வருத்தப்பட்டுக் குரலை மாற்றிவிடாதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். அப்பாவிடம் அம்மா எப்படி இருக்கிறாள், நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேள். என்னைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிற நினைப்பில்தான் அவர் காலையில் எழுந்து சட்டை மாற்றுகிறார். பிறகு ஸ்க்ரூவைத் தொலைத்ததற்கு அவர் கேட்கும்படியாக என்னைத் திட்டு, கொஞ்சம் பலமாகவே திட்டு. நான் புது ஸ்க்ரூ வாங்கி வருகிறேன், அதுவரை கூரையைத் தொடாதீர்கள் அப்பா, நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஏற்றலாம் என்று சொல்.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருத்தரை ஒருத்தர் மறக்காமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. கவரைக் குப்பையில் போடுமுன் உதறிப் பார், ஸ்க்ரூ நாலு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மறதிக்கார அம்மா