அக்கா கேட்டது பனியாற்றைப் பற்றி

எனக்கு அக்காவாகப் பிறந்தவளுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பாலோ ஸ்டேஷனில் அத்தான் மட்டும் நின்றிருந்தார். காய்ச்சலில் நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தச் செய்தி வந்தபோது நான் நார்வேயில், ஒரு மலையடிவாரக் கூடாரத்தில், பனியாறு ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் நகர்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். நினைத்தாலே என்மேல் ஆத்திரம் வருகிறது.

படிப்பு என்ன ஆச்சு என்று கேட்பாய். பட்டம் வாங்கிவிட்டேன் அக்கா. சிகாமட்டில் ஓர் ஆபீஸ் துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜொகூர்ல பனியாறு எங்கே இருக்கு?" என்று சிரித்தார். மலையும் மண்ணும் தெரிந்தவனுக்கு இங்கே வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும் என்றேன். காதில் வாங்கவே இல்லை. கணக்கெழுதும் கிராணி வேலைதான் இருக்கிறது என்றார். வேறு வழி? சரி என்றேன்.

கடைத்தெருவில் என் பெயரே 'ஆயர் பத்து' ஆகிவிட்டது. ஐஸுக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற பெயர். "ஐஸைப் படிக்கவா கப்பலேறினே தம்பி? இங்கேயே வித்திருக்கலாமே லா!" என்கிறார் காப்பிக்கடைக்காரர். ஒவ்வொரு காலையும் அதே கேலி, அதே சிரிப்பு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் உனக்கு எழுதிய கடிதங்களை அத்தான் எடுத்துக் கொடுத்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'கையில் வைத்தாலே கரைகிற ஐஸ், பாறையை எப்படித் தேய்க்கும் தம்பி?' என்று நீ கேட்டிருந்தாய். 'அதெல்லாம் உனக்குப் புரியாது அக்கா, வந்து சொல்கிறேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறேன். கிராணி ஆனால் போதும் என்று அப்பா நின்றபோது, மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்து என்னைப் படிக்க அனுப்பியவள் நீ. உனக்கா புரியாது?

நேற்று உன் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வந்தார்.

"நீங்கதானே ஐஸ் படிச்ச தம்பி? குழாயடியில அக்கா எங்களுக்கு எல்லாம் சொல்லுவாங்க."

"என்ன சொல்லுவாங்க?"

"வெறுங்கையால தேய்ச்சா சட்டியில கரி போகுமாடி, மண்ணு வச்சுத் தேய்ச்சாத்தானே போகும்னு கேப்பாங்க. ஐஸ் வெறும் கைதானாம். அடியில மாட்டிக்கிட்ட கல்லுதான் மலையைத் தேய்க்குதாம். சரிதானே தம்பி?"

சரிதான் அக்கா. அப்படியே சரி. பேராசிரியர் படம் போட்டு ஒரு வாரம் நடத்திய பாடம் அது. நீ சட்டி கழுவும்போது நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை எழுத எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? எதற்காக எழுதவில்லை? நீ சரியாகச் சொன்னாய் என்பது தெரியாமலே போய்விட்டாயே.

பொன்னம்மா போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டார். "அப்படித் தேய்ச்ச எடத்துல ஏரி வருமாமே, அது எப்படி? தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க. அதுக்குள்ள..."

 

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஏரி எப்படி வந்தது என்று அவர்கள் எல்லாருக்கும் நம் தமிழில் சொல்வேன். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி,
முருகேசன்