ஒட்டுக்குக் கீழே

மெலிசோவூனி, கிரீட்
8 ஜனவரி 1995

என் கண்ணு அர்கிரோவுக்கு,

சித்தப்பா சிஃபிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் எனக்கு எதிர்க்கட்சி. பேரன் பிறந்த சேதி வந்ததும் வானத்தைப் பார்த்து நாற்பது முறை சுட்டேன். பாதிரியார் ஜன்னலைத் திறந்து, "போதும்டா சிஃபிஸ், புறாவெல்லாம் ஊரைக் காலி பண்ணுது" என்றார்.

என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லியிருக்கிறாய். இந்தத் தீவில் என்னைவிடத் தகுந்தவன் கிடையாது. நான் தொட்டுத் தூக்கிய பிள்ளைகளில் ஒருவன் இன்று கப்பல் தலைவன், இருவர் வக்கீல்.

உன் அப்பாவின் மரங்களைக் கேட்டிருந்தாய். அண்ணன் போனபின் மேட்டுத் தோப்பின் முப்பத்தொரு சுனாத்தி ஒலிவ மரமும் சிங்கம்போல நிற்கின்றன. இந்த வருஷக் காய் பேரீச்சம்பழம் அளவு. ஆலைக்கார லெஃப்தெரிஸ் எண்ணெயை நாக்கில் வைத்துவிட்டு அழுதான். வழக்கம்போல ஒரு தகரம் எண்ணெய் கப்பலில் வருகிறது. நீ ஊருக்கு வந்தால் மேலே ஏற வேண்டாம்; பாதையை மழை தின்றுவிட்டது.

முத்தங்களுடன்,
சித்தப்பா

கலமாத்தா
2 பிப்ரவரி 1995

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தகரம் வந்து சேர்ந்தது. பையன் உங்களைப் போலவே ஊர் கேட்க அழுகிறான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, நம் ஊர்க் கோயிலிலேயே திருமுழுக்கு. பெயர் மனூசோஸ்தான், அப்பா பெயர்.

ஒரே ஓர் ஆசை. அன்று பிள்ளை மேல் தடவ நீங்கள் கொண்டுவரும் எண்ணெய் அப்பாவின் மரத்து எண்ணெயாக இருக்க வேண்டும். அப்பா இவனைத் தூக்கவில்லை. அந்த மரங்களாவது தொடட்டும்.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து எண்ணெய் ருசி பார்ப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தகரத்தையும் அப்படிப் பார்த்தேன். வெட்டிய புல் வாசனை, தொண்டைவரை வழுக்கிக்கொண்டு போகும் மென்மை. நல்ல எண்ணெய்தான். ஆனால் அது கொரொனெய்கி சாதிக் காய். அதுவும் தண்ணீர் குடித்து வளர்ந்தது. அப்பாவின் எண்ணெய் வாயில் ஒன்றும் சொல்லாது. விழுங்கியபின் தொண்டையைப் பிடித்து இரண்டு இருமல் இரும வைக்கும். குளிரிலும் கல்லிலும் தாகத்திலும் பழுத்த காய் அது. மரத்தின் சாதி பாதி சொல்லும், இடம் மீதி சொல்லும். இந்தத் தகரத்தில் இரண்டும் உங்கள் கீழ்த்தோட்டத்தைத்தான் சொல்கின்றன.

தகரம் மாறியிருக்கும், இல்லையா?

உங்கள் அர்கிரோ

மெலிசோவூனி
20 பிப்ரவரி 1995

கண்ணு,

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவன். ஆனாலும் ஒரு கிண்ணத்தை எட்டுப் பேர் முகர்வது எனக்கு வேடிக்கைதான். என் ஒரு மூக்கு போதும். தகரம் மாறவில்லை. போன வருஷம் ஆப்பிரிக்காவிலிருந்து சூடான காற்று வந்தது. அதில் ஓர் ஒட்டகமே பறந்து வந்ததாகக் கேள்வி. காய் வதங்கிவிட்டது. மரத்துக்கும் வயசாகிறதே, அண்ணன் போன துக்கத்தில் கசப்பை விட்டிருக்கும். எண்ணெய்க்குக் கவலைப்படாதே. நான் கொண்டுவருகிறேன்.

சித்தப்பா

கலமாத்தா
12 மார்ச் 1995

சித்தப்பா,

சூட்டுக் காற்று எண்ணெயைக் கெடுக்கலாம். சுனாத்தியைக் கொரொனெய்கி ஆக்காது. நான்கு வருஷமாக இதே ருசி. ஒவ்வொரு தகரத்தையும் மூடி வைத்துவிட்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய கோடையில் மலை பற்றியெரிந்தபோது, தோப்பு எல்லையில் நின்று கோட்டைக் கழற்றி அடித்தே நெருப்பை விரட்டியதாக எழுதினீர்கள். நம்ப ஆசைப்பட்டேன், நம்பினேன்.

என் பிள்ளையின் நெற்றியில் பொய்யைத் தடவ வேண்டாம். மரம் இருக்கிறதா, இல்லையா?

அர்கிரோ

மெலிசோவூனி
2 ஏப்ரல் 1995

அர்கிரோ,

இல்லை.

கோட்டு அன்று ஆணியில் தொங்கியது. புகையைப் பார்த்தபோது நான் கீழ்த்தோட்டத்தில் இருந்தேன். குழாயை எடுத்து முதலில் என் மரங்களை நனைத்தேன். நெருப்பு இங்கே இறங்கவே இல்லை. நான் மேலே ஏறியபோது அண்ணன் தோப்பில் கரிக்கட்டைகள்தான் நின்றன. உன்னிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வசந்தத்தில் அடிக்கட்டைகளில் துளிர் வந்தது. அண்ணனே திரும்பி வந்ததாக நினைத்தேன். இரண்டு கோடை கழுதைமேல் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். பிறகு இலை சிறுத்தது, முள் வந்தது. லெஃப்தெரிஸை அழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "ஒட்டு எரிஞ்சு போச்சுடா. இது அதுக்குக் கீழ இருந்து வந்தது. ரெண்டு வருஷமா காட்டு ஒலிவத்துக்குத் தாலாட்டு பாடியிருக்க" என்றான். சிரிக்கவில்லை அவன்.

இந்தக் குளிர்காலத்தில் அவை காய்த்தன. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, முழுக்கக் கொட்டை. ஆலையில் கொடுக்க வெட்கப்பட்டு உரலில் இடித்துத் துணியில் பிழிந்தேன். ஒரு மருந்துக் குப்பி நிறைந்தது. பிழைத்த மரம் பதினொன்று. எண்ணித்தான் சொல்கிறேன்.

வேறு ஞானத்தகப்பனைப் பார், மகளே.

சிஃபிஸ்

கலமாத்தா
13 ஏப்ரல் 1995

சித்தப்பா,

கடிதத்தை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தேன். பரவாயில்லை என்று எழுத இன்னும் கை வரவில்லை.

என் கல்யாணத்துக்கு அப்பா தந்த சுனாத்திக் கன்று இங்கே முற்றத்தில் மரமாகிவிட்டது. வருஷாவருஷம் காய்க்கிறது, ஒரு வருஷம்கூட அந்த இருமல் வந்ததில்லை. இங்கே சாதி இருக்கிறது, அந்த மலை இல்லை. உங்களிடம் மலை இருக்கிறது, சாதி இல்லை. அப்பா ஒட்டுக்கட்டியது அந்தக் காட்டு வேர்களில்தானே?

மருந்துக் குப்பியைக் கொண்டுவாருங்கள். ஞானத்தகப்பன் நீங்கள்தான். ஒட்டுக் கத்தியைத் தீட்டி வையுங்கள். என் மரத்துக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவருகிறேன். மறுநாள் காலை நாம் இருவரும் மேலே போகிறோம். பாதையை மழை தின்னவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஏறும்போது மட்டும் எதுவும் பேசாதீர்கள்.

அர்கிரோ