சராசரி நடுக்கம்

நாள் 611, இரவு 11:40
பூமியில் இதைப் படிக்கிறவர்கள், இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும். என் மகள் யாழி இப்பதான் தூங்கினாள், எட்டு மாதக் குழந்தை. நான் தமயந்தி, செவ்வாய்க் கிரகத்தில் நாலாம் பயிர்க்கூடத்தின் நீர்ப் பரிசோதகர். கத்தரியில் செம்பேன் குறையவில்லை. மூன்றாம் தடவை பூச்சிமருந்து அடித்தார்கள், என் வீட்டுக்காரர் மாதேசனையும் சேர்த்து ஒன்பது பேர். வேர்க்கிறதென்று முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டு. தண்ணீர்: குடிக்கலாம்.

நாள் 634, இரவு 12:15
மாதேசனுக்கு இன்று சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். வேலை நேரத்து ரேடியோவில் பக்கத்து வரிசை முருகையன்: "மாதேசு, தெளிப்பானை வச்சுக் கோலம் போடுறியா?" இவர்: "உன் கை மட்டும் என்ன, தவில் வாசிக்குது." நானும் சிரித்தேன். வேலைக்கு முன் விரலை வைக்கும் பரிசோதனை இயந்திரம் இருவருக்கும் சொன்னது: "நடுக்கம் சராசரி. வேலைக்குத் தகுதி." தண்ணீர்: குடிக்கலாம்.

நாள் 640, இரவு 1:05
அந்தச் சராசரி எங்கிருந்து வருகிறதென்று தோண்டினேன். அன்றன்றைக்கு அதே ஒன்பது பேர் கையிலிருந்து. எல்லோரும் சேர்ந்து நடுங்கினால் யாருக்கும் ஒன்றுமில்லை! வந்த புதிதில் எடுத்த அளவுகளைக் கேட்டேன். இடம் போதாமல் அழித்தாச்சாம். கம்பெனி டாக்டரின் பதில்: "ஈர்ப்பு குறைவும்மா, அதான். பழகிடும். நீங்க நல்லாத் தூங்குங்க."

நாள் 652, இரவு 2:20
இலைகள் விடும் ஆவியைக் குளிர்வித்துத்தான் இங்கே குடிக்கிறோம். என் கருவி தேடுகிற பட்டியலில் அந்த மருந்தின் பெயரே இல்லை. பட்டியல் கம்பெனி கொடுத்தது. இன்று நானே பெயரைச் சேர்த்துப் பார்த்தேன்.
இருக்கிறது.
ஒவ்வொரு நாளும் 'குடிக்கலாம்' என்று எழுதினவள் நான். குடித்துவிட்டு யாழிக்குப் பால் கொடுத்ததும் நான்தானே.

நாள் 655, இரவு 3:10
மருந்தை நிறுத்தச் சொன்னேன். கம்பெனியிலிருந்து வந்த செய்தி: "பயிர் போனா எதைச் சாப்பிடுவீங்க?" முருகையன் விழுந்துவிட்டார். அவர் கணக்கில் இல்லாததால் இன்றைய சராசரி நேற்றைவிட நன்றாக இருக்கிறது.
இருட்டில் கிலுகிலுப்பைச் சத்தம். யாழி விழித்துவிட்டாள் என்று ஓடினேன். தூங்குகிறாள். கிலுகிலுப்பையைப் பிடித்த கை மட்டும்…
இயந்திரத்தில் அவள் விரலை வைத்தேன். "குழந்தைகளின் சராசரிக்குச் சமம்."
இங்கே இருப்பது ஒரே குழந்தை.
பூமியில் உங்கள் வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை இருந்தால், தூங்கும்போது கையில் கிலுகிலுப்பை வைத்துப் பாருங்கள். சத்தம் வருகிறதா, இல்லையா, அது போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.